நான் கூட்டிய அரை மணி நேரம்

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். என் மருமகள் நாற்பத்தாறு வயதில் முதன்முறையாக நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். அவளுடைய பயிற்சி நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன். மூன்றரை மணி நேரம் வந்தது. இந்த வயதில் எப்படியும் களைத்து உட்கார்ந்துவிடுவாள் என்று நானாக அரை மணி நேரம் சேர்த்து, நான்கு மணி நேரம் ஆகும் என்றேன்.

"அம்புட்டு நேரம் ஆகாது மாமா. முடிவுக்கோட்டுல நீங்க நின்னாப் போதும்" என்றாள்.

போட்டியன்று என் கணக்கை நம்பி, இடையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மாலை வாங்கப் போனேன். கால் மணி நேரம் முன்பே திரும்பிவிட்டேன் என்ற பெருமையோடு வந்தால், அவள் பதக்கத்தோடு நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். மூன்றரை மணி நேரம்கூட ஆகவில்லையாம்!

வெட்கத்தோடு அந்த அரை மணி நேரத்தைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கணக்கு வாத்தியாரே கோட்டை விட்டீகளே மாமா! இப்பப் பாருங்க" என்று நூறடி பின்னால் போய், மறுபடியும் கோடு வரை ஓடிவந்தாள். சுற்றி நின்றவர்கள் கைதட்ட, மாலையைப் போட்டேன்.

இப்போதெல்லாம் மாலையை முந்தின நாளே வாங்கிவிடுகிறேன். எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவளையே கேட்கிறேன். அவள் சொன்னதோடு எதையும் கூட்டுவதில்லை.