கூடத்து வாசலில் அப்பாவின் நாற்காலி

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அப்பாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அவரே நம்ப மாட்டார். அதனால் உள்ளதை எழுதுகிறேன். அப்பா ஒரு பெரிய சந்தேகப் பிராணி.

முத்தாண்டிக்குப்பத்தில், சாண் நிலமும் சொந்தமில்லாத குடும்பத்தில் பிறந்தார். ஊரார் முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கிக்கொண்டே ஐ.டி.ஐ. முடித்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, பல வருடம் கழித்துப் பெர்மனன்ட் ஆனார். அந்த ஆர்டரைக்கூட மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன பிறகுதான் அம்மாவிடம் காட்டினார். ஆனால் யார் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றாலும், ஷிப்ட் முடிந்த களைப்போடு போய் நிற்பார். கொடுக்கும் காப்பியைக்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, நாங்கள் குடியிருந்த டவுன்ஷிப் பிளாக்கின் சமுதாயக் கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று ஓர் அறிவியல் மன்றம் தொடங்கினார்கள். டவுன்ஷிப்பில் இருந்த பெண் பொறியாளர் ஒருவர் ஞாயிறுதோறும் வந்து, பழைய மிக்சியைப் பிரிக்கவும் சர்க்யூட் போடவும் சொல்லித் தருவார். அதில் சேராவிட்டால் எனக்கு உயிரே போய்விடும்போல் இருந்தது. அப்பாவிடம் கேட்டேன்.

“காசு வாங்காம சொல்லித் தர்றாங்களா? நம்ம வூட்டுப் பொண்ணுங்க மேல அவங்களுக்கு இன்னா திடீர் அக்கறை?”

இரண்டு வாரம் ஊரெல்லாம் விசாரித்தார். மூன்றாவது ஞாயிறு, “போலாம், நானும் வரேன்” என்றார். கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாசலில் இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். வகுப்பு முடியும்வரை நகரவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. ஷிப்ட் இடித்தால் ஆள் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. “உங்கப்பா உன்ன நம்பவே மாட்டாராடி?” என்று தோழிகள் கேலி செய்தார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். நிமிர்ந்தால் அவர் முதுகு தெரியும். வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எரிச்சல் வரும். ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் அந்த நாற்காலியால்தான் மன்றம் நிறைந்தது. மகள் கலைச்செல்வியை அனுப்பத் தயங்கிய அத்தை, “எங்க அண்ணனே வாசல்ல ஒக்காந்துகினு இருக்குது, அப்புறம் எனக்கு இன்னா பயம்?” என்று அவளைப் பஸ் ஏற்றிவிட்டார். அத்தையைப் பார்த்துப் பலர் தங்கள் பெண்களை அனுப்பினார்கள். கலைச்செல்வி இன்று மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். நான் மின்னியல் படித்து, ஓர் ஆலையில் பொறியாளராகச் சேர்ந்தேன்.

சேர்ந்த புதிதில், கன்வேயர் மோட்டார் ஒன்றைப் பழுதுபார்க்க மின்சாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கூட வந்த மூத்த ஊழியர் சுவிட்ச் அருகே போய், எனக்கு முதுகைக் காட்டி, வழியைப் பார்த்து நின்றார்.

“ஏன் அங்க நிக்கிறீங்க அண்ணே?”

“நீங்க வேலை செய்யறப்ப எவனாவது தெரியாம வந்து சுவிட்சப் போட்டுட்டா? முடிக்கிற வரைக்கும் ஒருத்தர் காவல் நிக்கணும்மா.”

அன்று மாலையே அப்பாவுக்குப் போன் செய்தேன். “மன்றத்து வாசல்ல நீங்க என்னப் பாத்துக்கிட்டு இருக்கலியாப்பா?”

“ஒன்ன எதுக்குப் பாக்கணும்? நீ வேலை செஞ்சிகினு இருந்த. வர்றவன் போறவனத்தான் பாத்துகினு இருந்தேன்.”

நான் அழுதேன். “கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது? அங்க எவனாவது எதனா சொன்னானா?” என்று உடனே சந்தேகப்பட்டார்.

சென்ற ஆண்டு வயிற்றுக் கட்டியால் படுத்தபோதும் அவர் மாறவில்லை. ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் சலிக்காமல் படித்துக் காட்டிய செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த சுரங்கத்து நண்பர்களுக்கும், அம்மாவுக்குத் துணையாக இருந்த பிளாக் மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

கலைச்செல்விக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். கடைசி நாள் பிற்பகல், டியூட்டி முடிந்து வந்து வார்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தாள். அப்பா கண்ணைத் திறந்தார்.

“வாசல்ல யாரு?”

“கலைச்செல்விப்பா” என்றேன்.

“எந்தப் பக்கம் பாத்துகினு ஒக்காந்திருக்குது?”

“வெளிப்பக்கம்பா.”

அதற்குப் பிறகு அவர் எதையும் விசாரிக்கவில்லை.