கயிறு போட்டுக் கட்டிய பின்கதவு

ஒரு கம்பெனிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிய கதை உங்களுக்கு எதற்கு? அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் முதலில் போய் இறக்கிவிட்டு வாருங்கள். அடுத்தவளுக்கு வேலை போனதா, இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதில் அப்படி என்ன ஆசையோ! சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

தொண்டி ரோட்டில் நான் வேலை பார்ப்பது ஒரு நண்டுக் கம்பெனி. அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சின்னக் கத்தியால் சதையை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். நாற்பது பெண்கள் இருக்கிறோம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பேரன் பேத்திகள் காலேஜுக்குப் போகிறார்கள். இந்த வயதில் இந்த வேலை போனால் வேறு யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள்.

நாங்கள் வேலை பார்க்கிற ஹாலை ஒட்டிக் குளிர் அறை. அதைக் குளிரவைக்கிற கேஸ் கசிந்தால் கண்ணும் தொண்டையும் எரியும். வெளியே ஓடாமல் நின்றால் ஆள் காலி. அதற்காகவே பின்னால் கடல் பக்கம் ஓர் அவசரக் கதவு வைத்திருந்தார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அது தானாகத் திறந்து திறந்து டமார் டமாரென்று அடிக்கும். மணல் பறந்து வந்து சதையில் விழும். சூப்பர்வைசர் காற்றைத் திட்ட முடியாமல் எங்களைத் திட்டுவார். ஒருநாள் எழுந்துபோய் கைப்பிடியை ஜன்னல் கம்பியோடு சேர்த்து வலைக்கயிற்றால் கட்டிவிட்டேன். சத்தம் நின்றது. எல்லோரும் என்னைக் கும்பிடாத குறைதான்.

முன்பு இருந்த சேஃப்டி மேனேஜர் கண்ணாடி ரூமைவிட்டு வரமாட்டார். கையுறை போடாமல் கையை அறுத்துக்கொண்ட ஒருத்தியை அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்தினார். அதிலிருந்து யாருக்குக் கை அறுந்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்போம். அவருடைய நோட்டில் விபத்தே கிடையாது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

அவருக்குப் பிறகு வந்தவர் வேறு மாதிரி. நாங்கள் உட்காருவதற்கு முன்பே வந்து, எங்களைப்போல ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஈரத் தரையில் நடந்து பார்ப்பார். பேசும்போது கையில் பேப்பர் இருக்காது. எழுதுவதைப் பிறகு எங்கேயோ போய் எழுதிக்கொள்வார். சில நாள் எங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நண்டும் உடைப்பார். பாதிச் சதை ஓட்டோடு குப்பைக்குப் போகும்.

"இந்த வேகத்துல உடைச்சீங்கன்னா நண்டு உசுரு வந்து எந்திரிச்சுப் போயிரும் சார்," என்றேன்.

சிரித்தார். எதையாவது சரிசெய்வதாகச் சொன்னால் அன்றே செய்வார். முடியாவிட்டால் வந்து முடியவில்லை என்பார். ஓர் ஆபீசர் நம்மிடம் வந்து அப்படிச் சொல்லி நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் திடீரென்று விசில் ஊதினார்.

"கேஸ் கசிஞ்சிருச்சுன்னு நினைச்சுக்கங்க. எல்லாரும் பின்கதவு வழியா வெளிய போங்க!"

நாற்பது பேரும் போய்க் கதவில் முட்டினோம். அது அசையவில்லை. கட்டியவள் நான்தானே என்று முண்டியடித்து முன்னால் போனேன். ஐஸில் அளைந்த விரல்கள் மரத்துக் கிடந்தன. ஈரக் கயிறு இறுகியிருந்தது. முடிச்சு அவிழவில்லை, நகம்தான் பிய்ந்தது.

"வெரசா மதினி! இந்நேரத்துக்கு நம்ம எல்லாரும் செத்து, பாலும் ஊத்தியிருப்பாக," என்றாள் பின்னால் நின்றவள்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கடைசியில் அவர்தான் வந்து கயிற்றை அறுத்தார். என் டிபன் பாக்ஸை எங்கே வைத்தேன் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"யாரு கட்டுனதுன்னு நான் கேக்கல. எதுக்காகக் கட்ட வேண்டி வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க," என்றார்.

பக்கத்தில் நின்றவள் என் இடுப்பில் கிள்ளினாள்.

"காத்துக்கு மணலு உள்ள வருது சார்," என்றேன். "சூப்பர்வைசர்ட்ட மூணு தடவ சொல்லியாச்சு. ஆகட்டும் ஆகட்டும்னாக. ஒண்ணும் ஆகல."

சாப்பாட்டு நேரத்தில் அறுத்த கயிற்றோடு என் மேசைக்கு வந்தார். அதை என் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அம்மாச்சி, முடிச்சு எதிர்ப்பக்கமால்ல சுத்தியிருக்கு?"

"எங்க ஊருல பாதிப் பேருக்கு இடது கைதான் சார்."

"இந்த ஹாலுல நீங்க ஒரு ஆளுதான்."

"அப்ப நான் வீட்டுக்குப் போயிரவா?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எதுக்கு? கதவு வேலைக்கு ஆளு வந்திருக்காரு. காத்து எங்கிட்டிருந்து அடிக்கும்னு அவருக்குத் தெரியாது. வந்து காட்டுங்க."

போய்க் காட்டினேன். கதவைத் தானாகச் சாத்துகிற ஸ்பிரிங் ஒன்றைப் போட்டார்கள். மூன்றாம் நாள் காற்று பலமாக இருக்கிற நேரமாகப் பார்த்து அவரே வந்து நின்றார். கதவு மறுபடியும் அடித்தது. ஸ்பிரிங் போட்டாச்சு என்று விட்டுவிடாமல், ஓடுகிற வழி மறையாதபடி கொஞ்சம் தள்ளி வெளியே ஒரு தகரத் தடுப்பும் வைக்கச் செய்தார். அதன் பிறகுதான் சத்தம் அடங்கியது. அடுத்த வாரம் கை அறுந்த ஒருத்தி துணியைச் சுற்றாமல் நேரே அவரிடம் போய்க் கையை நீட்டினாள்.

இதற்குள் எனக்கு வேலை போய்விட்டதாகத் தெரு முழுக்கப் பேச்சு. துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பக்கத்து வீட்டுக்காரிகள் வந்தார்கள்.

"போகலடி," என்றேன். "இன்னொரு வேலையும் சேத்துக் குடுத்துருக்காக. தெனமும் நண்டத் தொடுறதுக்கு முன்னாடி நான்தான் அந்தக் கதவத் தள்ளித் தெறந்து பாக்கணும். வந்ததுதான் வந்தீக, உங்க கொல்லவாசலுக்குக் குறுக்க சிலிண்டர வச்சிருக்கீகள்ல, மொதல்ல அத நகட்டுங்க. நாளைக்கு வந்து பாப்பேன்."