பனிமலையில் வெயில் வைத்தியம்

ராஸ் அல் கைமா மலையில் பனி விழுந்திருப்பதாக ஒரு பிப்ரவரிக் கடைசியில் எங்கள் கேன்டீனில் பேச்சு அடிபட்டது. அப்போது நான் அபுதாபியின் ருவைஸில் ஓர் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. ஏணியில் ஏறுகிறவன் எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருந்தவன். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிடலாம் என்றார் ஆய்வகத்தில் வேலை பார்த்த திருநெல்வேலி நண்பர். நான் உடனே அபாயப் பட்டியல் ஒன்று தயாரித்தேன். வழுக்கி விழுதல், பாம்பு, உடலில் நீர் குறைதல். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர்.

“மலைக்கும் பர்மிட் எழுதிட்டீரா வே? யாரு கையெழுத்துப் போடுவா, ஆடா?” என்றார் நண்பர்.

பிக்கப்பை ஓட்டி வந்தவர் ராமநாதபுரத்துக்காரர், நாற்பதைத் தாண்டிய ஒப்பந்த டிரைவர். மண்பாதை முடிந்த இடத்தில் அவர் வண்டியோடு நின்றுகொள்ள, நாங்கள் இருவரும் ஏறினோம். இரண்டு மணி நேர நடைக்குப் பிறகு பனி வந்தது. செம்பழுப்புப் பாறைகளின் இடுக்குகளில் தொடங்கி, மேலே போகப் போகக் கணுக்கால் ஆழத்துக்கு. கீழே பாலைவனம் தெரிந்தது. ஐம்பது வயது நண்பர் பனியை அள்ளித் தின்றார், தொப்பியில் நிரப்பித் தலையில் கவிழ்த்துக்கொண்டார், கடைசியில் உருகிய சேற்றில் வழுக்கி முழுதாக நனைந்தார். இருவரும் சிரித்தோம்.

இறங்கும்போது காற்று கிளம்பியது. நண்பர் வெகுநேரம் நடுங்கினார். பிறகு நடுக்கம் நின்றது. பழகிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் அவர் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. “புழுக்கமா இருக்கு வே” என்று சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

தள்ளாட்டம், குழறல், புழுக்கம். இவற்றுக்கான அட்டையை நாலு மொழிகளில் எல்லாத் தொழிலாளர் கேம்ப்களிலும் ஒட்டியவன் நான். ஒரு நொடி தாமதிக்கவில்லை. பாறை நிழலில் உட்காரவைத்தேன், சட்டையைக் கழற்றினேன், பாட்டில் தண்ணீரைப் பிடரியிலும் தலையிலும் ஊற்றினேன். வெயில் தாக்கினால் செய்ய வேண்டியது அதுதான். வரிசைகூடத் தவறவில்லை.

மேகத்தைப் பார்த்துப் பயந்து எங்களைத் தேடி ஏறி வந்த டிரைவர் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டார்.

“சார், என்ன சார் பண்றீங்க?”

குரலை உயர்த்தவில்லை. அப்போதுதான் என் காலைச் சுற்றிக் கிடந்த பனி என் கண்ணில் பட்டது. நண்பரின் உதடு நீலமாக இருந்தது. பாட்டில் இன்னும் அவர் தலைக்கு மேல் என் கையில் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

டிரைவர் பாட்டிலைப் பிடுங்கி எறிந்தார். தன் துண்டால் நண்பரை ஒற்றியெடுத்து, தன் ஜாக்கெட்டை மாட்டி, தலையில் என் மப்ளரைச் சுற்றினார். நான் கைகளைத் தேய்க்கப் போனேன். தேய்க்கக்கூடாது என்று தடுத்தார். குவைத்தில் மங்காஃப் பக்கம் மீன் வைக்கும் கோல்டு ஸ்டோரில் இரண்டு வருடம் டூட்டி பார்த்தாராம். அங்கே குளிரில் விறைத்த ஒருவன் இப்படித்தான் புழுங்குகிறது என்று சட்டையைக் கழற்றினானாம். அவன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை.

பாதி தாங்கியும் பாதி தூக்கியும் வண்டிக்குக் கொண்டுவந்தோம். அந்த வண்டியில் ஹீட்டர் பித்தானை அதுவரை யாரும் தொட்டதில்லை. முதலில் தூசிதான் வந்தது, பிறகு சூடு. அரை மணியில் நண்பர் மறுபடி நடுங்கத் தொடங்க, ஹீட்டரை இன்னும் கூட்டச் சொன்னேன்.

“நடுங்கினா நல்லது சார். உடம்பு முழிச்சிருச்சு” என்றார் டிரைவர்.

கீழே ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது நண்பருக்குப் பேச்சு தெளிந்தது. குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டார்.

“எஞ் சட்டையக் கழட்டுனது யாரு வே?”

டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். “நாந்தான் சார். நனைஞ்சிருந்துச்சு” என்றார்.

எத்தனையோ விபத்து விசாரணைகளில், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடு என்று தொழிலாளிகளை மிரட்டியவன் நான். பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.