இடப்பக்கம் முறுக்கிய கம்பி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷமாக விடியுமுன் இருட்டில் றப்பர் மலைக்குப் போய்ப் பால் வெட்டுகிறேன், ஒரு நாளும் ஒன்றையும் கண்டதில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் கோபிக்க மாட்டேன்.

எஹலியகொடைக்கு மேலே எங்கள் தோட்டம். எங்கள் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் என் மனைவி செல்வமணி ஏழு கோழி வளர்த்தாள். கூட்டுக் கதவுக்குப் பூட்டு இல்லை, ஒரு கட்டுக்கம்பிதான். அவள் இடதுகைக்காரி, கம்பியையும் இடப்பக்கமாகத்தான் முறுக்குவாள். காலையில் நான் அவிழ்க்கப் போனால் என் கைப்பழக்கத்துக்குத் திருப்பி இன்னும் இறுக்கிவிடுவேன். "அந்தப் பக்கம் இல்லங்க, இந்தப் பக்கம்" என்று சிரிப்பாள்.

கூட்டின் அடிப்பலகை உக்கிப்போய் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. "மரநாய் வருதுங்க, அந்தப் பலகைய மாத்திக் குடுங்க" என்று மூன்று தடவை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றேன், ஞாயிற்றுக்கிழமையும் வந்து போனது. அந்த வாரம்தான் ஒரு கோழியை அடை வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் இரவு, நல்ல மழை, கோழிகள் கத்தின.

"மனசு கேக்கல, பாத்துட்டு வந்துர்றேன்" என்று எழுந்தாள்.

நான் போர்வைக்குள் இருந்தபடியே சரி என்றேன். அந்தச் சரியை இன்றும் மறக்க முடியவில்லை. ஓட்டைக்குக் கல் வைத்து, கம்பியை இறுக்கிவிட்டுத் திரும்பியவள், தண்ணீர் ஓடும் காணோரத்தில் வழுக்கி விழுந்தாள், தலை கல்லில் அடிபட்டுவிட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் இருக்கவில்லை. அன்று கோழி ஒன்றும் போகவில்லை, அவள்தான் போனாள்.

மூன்றாம் நாளே பலகையை மாற்றினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பதினாறாம் நாள் கருமாதி. சொந்தக்காரர்கள் போனதும், மறைப்பானேன், குடித்தேன். கூட்டைச் சாத்த வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் வீட்டுக் கதவைத் தாழிட்டுப் படுத்துவிட்டேன். கொழும்பிலிருந்து வந்திருந்த மகளும் அழுது களைத்துத் தூங்கிவிட்டாள். விடியக்காலையில் பக்கத்து வீட்டில் சத்தம், மரநாய் புகுந்து அவர்களுடைய நான்கு கோழியையும் கடித்துப் போட்டிருந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்து பின்பக்கம் ஓடினேன்.

எங்கள் கூடு சாத்தியிருந்தது. கதவு முழுக்க நகக் கீறல். கம்பியைப் பிடித்து அவிழ்க்கத் திருப்பினேன், நம்பினால் நம்புங்கள், அது இறுகியது. மறுபக்கம் திருப்பினேன், அவிழ்ந்தது. உள்ளே அடைக்கோழியின் சிறகுக்கடியிலிருந்து குஞ்சுகள் தலையை நீட்டின. அவள் முட்டை வைத்து அன்றைக்கு இருபத்தொரு நாள்.

"ராத்திரி நீங்கதானே கட்டுனீங்க, அப்பா?" என்று பின்னாலிருந்து மகள் கேட்டாள். பிள்ளை பயந்துவிடும் என்று ஆமாம் என்றேன்.

குடிவெறியில் நானே கட்டியிருப்பேன் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் குடித்தாலும் என் கை வலப்பக்கம்தான் திரும்பும். செத்த பிறகும் என் சோம்பலுக்காக அவள் எழுந்து வர வேண்டுமா என்று எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. அன்றைக்கே எஹலியகொடைக் கடைத்தெருவுக்கு இறங்கினேன். கூட்டுக்குச் சீமெந்துத் தரை போட்டு, சுற்றிலும் சின்னக் கண் கம்பிவலை அடித்து, நல்ல பூட்டு ஒன்றும் மாட்டினேன். காணோரத்தில் படியும் கட்டினேன். பழைய கம்பியை மட்டும் எறிய மனமில்லாமல் கதவிலேயே தொங்கவிட்டேன். இனியாவது தூங்கு செல்வமணி என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இரண்டு வருஷமாகிறது, ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் இரவில் மழை பெய்தால், காலையில் அந்தப் பூட்டுக்கு மேலே கம்பியும் முறுக்கியிருக்கிறது, இடப்பக்கமாக. ஒவ்வொரு தடவையும் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்க்கிறேன். எங்கே ஓட்டை விட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.