மூடியில் நீலக் கோடு

கப்பல் கட்டும் தளத்தில் அவளைப் பெரியவள் என்பார்கள், அவளுடைய ஓரகத்தியைச் சின்னவள் என்பார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, போதாததற்கு ஒரே கப்பலில் வேலை. போர்க்கப்பலின் மேல்தளத்துக்குள் ஏவுகணைக் குழல்கள் கிணறு மாதிரி செங்குத்தாக இறங்கியிருக்கும். ஒவ்வொன்றின் வாய்க்கும் ஒரு கனத்த மூடி. மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுவதுதான் இருவருக்கும் பிழைப்பு. பட்டை சரியாக உட்காராவிட்டால் கடல் உள்ளே புகுந்துவிடும், ஏவுகணை வீண்.

வேலைக்கு முதலில் வந்தவள் பெரியவள்தான். ஆனாலும் எல்லோரும் சின்னவளைத்தான் மெச்சினார்கள். மாமியார் அவள் சமையலை மெச்சினாள், சூப்பர்வைசர் அவள் கைவாகை மெச்சினார். கட்டிய புருஷனே ஒருநாள், "அவகிட்ட கேட்டுக்கோயேன்" என்று சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து பெரியவளுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. எரியாமல் என்ன செய்யும்?

முதல் ஏவுகணையை விட்டுப் பார்க்கக் கப்பல் கடலுக்குப் போகிறது, ரப்பர் வேலை செய்பவர்களில் ஒருத்திக்கு இடம் உண்டு என்று பேச்சு அடிபட்டது. தான் ஒட்டிய மூடி திறந்து, உள்ளிருந்து நெருப்பு சீறிக்கொண்டு மேலே போவதை ஒரு தடவையாவது பார்த்துவிடவேண்டும் என்பது பெரியவளின் நெடுநாள் ஆசை. அதுவும் சின்னவளுக்கே போய்விடுமோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்புமுன் கடைசிச் சோதனை. குழல்வாயின் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து மூடியை அழுத்தி மூடுவார்கள். திறந்து பார்த்தால் ரப்பரில் கோடு சுற்றிலும் பதிந்திருக்கவேண்டும். எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் புகும். யார் ஒட்டியது என்று தெரிய ஆளுக்கொரு நிறம். பெரியவளுக்கு மஞ்சள், சின்னவளுக்கு நீலம்.

நீலக் கோடு ஒவ்வொரு மூடியிலும் கண்பட்டுவிடும்போல அழகாக விழுந்திருந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிடச் சின்னவள் படியிறங்கினாள். பெரியவள் அக்கம்பக்கம் பார்த்தாள். ஒரு மூடியில் கட்டைவிரலை வைத்து ஒரு தேய் தேய்த்தாள்.

சூப்பர்வைசர் வந்து குனிந்து அறுந்த கோட்டைப் பார்த்தார். சின்னவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெரியவள் மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாள்.

"பட்டைய மாத்தி ஒட்டிட்டு நீயே கப்பல்ல ஏறும்மா," என்றார் அவர். "சந்தேகமான மூடிக்குப் பக்கத்துல அதை ஒட்டின ஆளு இருக்கணும். மஞ்சள்ல ஒரு குறையும் இல்ல, அதுக்கு எதுக்கு ஆளு?"

பெரியவளைத்தான் அனுப்புவதாக இருந்தேன் என்றும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வேலை முடிந்து குழாயடியில் நின்றபோது சின்னவள் சோப்பை நீட்டினாள்.

"அக்கா, கட்டைவிரல்ல நீலம் ஒட்டியிருக்கு. சூப்பர்வைசர் கண்ணுல படறதுக்குள்ள கழுவிடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பெரியவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? இதிலும் அவளே ஒரு படி மேலே போய்விட்டாள் என்று பெரியவளுக்கு வயிறு இன்னும் எரிந்தது.