முப்பத்திரண்டு எழுத்துப் பெயர்

கட்டிய புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள், கொல்லிமலையில் எங்கள் திண்ணனூர் நாட்டுப் பக்கம். நாற்பது வருஷம் நான் சொல்லவில்லை. கோபம் வந்த நாட்களில் சொல்லிவிடலாமா என்று யோசித்ததுண்டு. அவ்வளவுதான்.

நெஞ்சுச் சளி முற்றி அவரை நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் என் மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். காலையில் கஞ்சி ஊட்டும்போது கேட்டார்.

"ஏம்புள்ள, ஒருக்கா எம்பேரச் சொல்லு. உன் வாயால கேட்டதே இல்ல."

"கஞ்சியக் குடிங்க. ஏனுங்க ஏனுங்கன்னு கூப்புட்டதெல்லாம் பத்தலீங்களா?"

"அது பஸ் கண்டக்டரையுந்தான் கூப்புடற."

மறுக்க மனசில்லை. சொல்லவும் பயம். மிச்சமிருக்கிற நாலு நாளும் என் வாயாலேயே போய்விட்டால்?

குளிப்பதற்காகப் பேத்தியின் ரூமுக்குப் போனேன். மகள் வயிற்றுப் பேத்தி. அங்கேயே காலேஜில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். ஐந்தாறு வரி அடித்து எதையோ ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு அது?"

"ஹாஷ், அம்மாயி. எந்த வார்த்தையக் குடுத்தாலும் இந்தப் புரோகிராம் முப்பத்திரண்டு எழுத்தா மாத்திரும். அதுல இருந்து பழைய வார்த்தையத் திருப்பி எடுக்க முடியாது."

"திங்கற சோறு மாதிரியா?"

"சீ, அம்மாயி!"

"உங்க சின்னம்மா பேச்சு பூராத்தையும் போட்டாலும் முப்பத்திரண்டுதானா?"

"அதேதான்."

"அப்ப இத அவ வாயில மாட்டி உடு சாமி."

அவள் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் அது தோன்றியது. "உங்க அப்புச்சி பேரப் போடு" என்றேன்.

ரேஷன் கார்டில் இருந்தபடி அடித்தாள். ஒரு வரிசை வந்தது. கார்டில் ஓர் எழுத்து தப்பு என்று திருத்தச் சொன்னேன். திருத்தினாள். முழு வரிசையும் மாறிப்போனது. ஓர் எழுத்துக்காக ஆளே வேறாகிவிட்டாரே என்று எனக்குத் திக்கென்றது.

"இதச் சொன்னா பேரச் சொன்னதா ஆகுமா?"

பேத்தி யோசித்தாள். "ஆகாது, அம்மாயி. ஆனா யாராச்சும் பேரச் சொன்னா, மறுக்காப் போட்டு அதே எழுத்து வருதான்னு சரிபாத்துக்கலாம்."

எனக்கு இரண்டாம் வகுப்புத் தமிழ்தான் தெரியும். அதனால் அதிலிருந்த நம்பரையும் இங்கிலீஷ் எழுத்தையும் தமிழில் எழுதித் தந்தாள். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பித்தேன். "ஏழு, எஃப், மூணு, பி..." முப்பத்திரண்டும் தப்பில்லாமல்.

"யாரு புள்ள இது, வெள்ளக்காரனா?"

"நீங்கதானுங்க."

விவரமெல்லாம் சொன்னேன். திருப்பி எடுக்க முடியாது, சரிபார்க்க மட்டும் முடியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அப்ப இது எம்பேருதான்னு எப்படி நம்பறது? சரிபாக்கோணும்னா நீ பேரச் சொல்லித்தான ஆவோணும்?"

நாற்பது வருஷம் பேச்சில் அவரை மடக்கியவள் நான். அன்று அவர் என்னை மடக்கிவிட்டார். சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. தலையைத் தாங்கிப் பிடித்தேன். கையில் கனமே தெரியவில்லை. அப்படியே குனிந்து காதில் சொன்னேன்.

விரலை மடக்கி எழுத்தெண்ணிப் பார்த்தார்.

"சரியா இருக்குது" என்றார். பிறகு, "இன்னொருக்காச் சொல்லு. அதேதான் வருதான்னு பாக்கலாம்."

சொன்னேன். மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள் காலையில் அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். கண் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன். மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்ளும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.