அலோசியஸ் பாடமாக்கிய இலக்கம்

ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் ஞானமலர் தோசை சுட்டாள். மன்னாரிலிருந்து படகில் வந்தவள். தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்ட 2010ஆம் ஆண்டு, முதல் வேலையாக ஒரு கைத்தொலைபேசி எடுத்தாள். கடைக்காரன் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். இரண்டு வருடத்துக்கு விலக முடியாது என்பது முதல் பில் வந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

அவளுக்குப் பின்னால் புறப்பட்ட கணவன் அலோசியஸ் இந்தோனேசியாவில் அகப்பட்டுக் கிடந்தான். அவனோடு பேசிய ஒவ்வொரு நிமிடமும் பில்லில் ஏறியது. பாதிச் சம்பளம் அதற்கே போனது. ஆனாலும் அந்தப் பேதை ஒருநாளும் பேச்சைச் சுருக்கவில்லை.

2012 ஓகஸ்டில் அவன் கடைசியாக அழைத்தான். பை களவு போய்விட்டது, இலக்கங்கள் எழுதிய கொப்பியும் அதோடு போய்விட்டது என்றான். மன்னாரில் அவர்களுக்கு வீடும் இல்லை, விசாரித்துச் சொல்ல ஆளும் இல்லை.

“உன்ர நம்பர் மட்டும்தான் எனக்குப் பாடம். அதை மாத்திப்போடாத, மலர்.”

ஒக்டோபரில் ஒப்பந்தம் முடிந்தது. கூட வேலை செய்த மதுரைக்காரி கிரிஜா, கெடு எதுவும் இல்லாத, முன்பணம் கட்டிப் பேசும் சிம்முக்கு மாறச் சொன்னாள். இலக்கம் போய்விடாதா என்று ஞானமலர் மூன்று தடவை கேட்டாள். புதுக் கம்பனி அதே இலக்கத்தை எடுத்துத் தரும், ஞாயிற்றுக்கிழமை போய் மாற்றலாம் என்றாள் கிரிஜா.

வெள்ளிக்கிழமை ஞானமலர் பழைய கம்பனியை அழைத்தாள். வாடகை வீட்டை விட்டாலும் வேலையை விட்டாலும் சொல்லிக்கொண்டு போவதுதான் அவள் வளர்ந்த முறை. இரண்டு வருடம் அவன் குரலைக் கொண்டுவந்து தந்தவர்களை விட்டுச் சொல்லாமல் ஓடுவதா? தெரிந்த இங்கிலீஷில், போகிறேன், நன்றி என்றாள். மறுமுனைப் பெண் அன்பாகப் பேசினாள், பிறந்த திகதி கேட்டாள். மாலையில் போனில் சிக்னல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்று இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கம்பனிக் கடையில், இலக்கம் இயங்கும்போதுதான் மாற்ற முடியும், விலகுகிறேன் என்று அவளே சொன்னதால் பழைய கம்பனி மூடிவிட்டதை எடுக்க முடியாது என்றார்கள்.

“முன்னாடியே ஏன்க்கா சொன்னீங்க? ரெண்டு கம்பெனியும் அவங்களுக்குள்ளயே பேசி மாத்திப்பாங்க. நாம சொல்லவே வேணாம்” என்றாள் கூட வந்த கிரிஜா.

“சொல்லாமல் போறது சரியில்லையெண்டு…” என்றாள் ஞானமலர்.

பழைய கம்பனியின் கடை அதே கட்டடத்தில் இருந்தது. இலக்கம் இன்னும் யாருக்கும் போகவில்லை, திருப்பித் தரலாம், ஆனால் மறுபடியும் இரண்டு வருட ஒப்பந்தம் எழுத வேண்டும் என்றார்கள். மாதக் கட்டணமும் முன்னதை விட அதிகம். கிரிஜா அவள் கையைப் பிடித்தாள்.

“புது நம்பர் வாங்கிக்கலாம்க்கா. இந்த ரெண்டு வருஷம் பட்டது போதாதா?”

“புது நம்பர் அவருக்குத் தெரியாது, கிரிஜா.”

கையை விடுவித்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

மறுநாள் மதியம் சிக்னல் வந்தது. மூடியிருந்த மூன்று நாட்களில் யாராவது அழைத்தார்களா என்று கிரிஜா கம்பனியிடம் கேட்டுப் பார்த்தாள். அது எங்கும் பதிவாகாது என்றார்கள்.

அதன் பிறகு அவள் போனை ஒருபோதும் அணைக்கவில்லை. மாதா கோயிலில் பூசை நேரத்திலும் அது மடியில் விழித்தபடியே கிடக்கும். பூசை வைத்த சுவாமியார் ஒருமுறை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பூசையைத் தொடரப் பீடத்துக்குத் திரும்பினார்.